பன்னிரண்டு எண்ணும் ஊர்

எங்கள் சீவலங்குளத்தில் ஒரு டீ சொன்னால் கடைக்காரர் உடனே கிளாஸை எடுக்க மாட்டார், உங்கள் முகத்தையே பார்த்தபடி உதட்டுக்குள் ஒன்று இரண்டு என்று பன்னிரண்டு வரைக்கும் எண்ணி முடித்த பிறகுதான் எடுப்பார், அதற்குள் நீங்கள் பொறுமையில்லாமல் இன்னொரு தடவை கத்தினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்பார், ஆகையால் வெளியூர்க்காரர்கள் எங்களைக் காது மந்தமான சனம் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறிப் போகிறார்கள். போகட்டும். எங்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், அம்மனுக்குக் கொடை தள்ளிப்போனதால் என்பார்கள், செல்போன் கோபுரத்தால் என்பார்கள், கிரகணத்தன்று எவனோ ஊருணியில் குளித்ததால் என்பார்கள். எல்லாம் பொய். அது என்னால் வந்தது. பால்வண்ணன் என்கிற நான் எழுதிய ஒரே ஒரு வரியால் வந்தது, அதைச் சொல்லித் தொலைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ், ஊர் வாயில் அது மோட்டார் ஆபீஸ். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனை அமுக்கினால் ரெண்டு மைல் தள்ளி அவன் கிணற்றில் மோட்டார் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், அதற்கான புரோகிராம்தான் எங்கள் பிழைப்பு. முதலாளி குருவலிங்கம் சார், அவருக்குக் கீழே நான், ஜெபசிங், ஆவுடைச்செல்வி என்று மூன்று பேர். புரோகிராம் எழுதுவதற்கு எடிட்டர் என்று ஒன்று உண்டு, எழுத்தெல்லாம் கலர் கலராகத் தெரியும். அதன் அடிப்பாதியில் டெர்மினல் என்று கறுப்பாக ஒரு கட்டம் இருக்கும், அதில் கட்டளையை டைப் அடித்தால் முப்பது கிராமத்துக் கிணறுகளும் கேட்கும். மூன்று பேரும் முறை வைத்து உட்காருவது ஒரே பெரிய கம்ப்யூட்டரில்தான், கிணறுகளோடு பேசுகிற டெர்மினலும் அந்த ஒன்றுதான்.

போன ஆயுத பூஜை இல்லை, அதற்கும் முந்தைய முந்தைய ஆயுத பூஜையன்று, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை பரப்பிச் சூடம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எட்டு கிராமத்து ஆர்டர் ஒன்றாக வந்தது, அப்போது அந்தக் கறுப்புக் கட்டம் திறந்து கிடந்தது. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இனிமே இதை யாரும் மூடப்படாது. மகாலட்சுமி இதுவழியாத்தான் உள்ள வந்திருக்கா” என்றார். ஆனால் தினமும் காலையில் விளக்கேற்றிப் புதிதாக ஒரு டெர்மினல் திறந்து வேலையைத் தொடங்குவதும் அவருடைய வழக்கம், அதையும் விட மனசில்லை, ஆகையால் பழையதை மூடாமல் அதற்குள்ளேயே ஒரு புதியது, மறுநாள் அதற்குள்ளே இன்னொன்று, அதற்கு மறுநாள் அதற்குள்ளே இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனோம், கரண்ட் போனாலும் அணையாதபடி ரெண்டு பேட்டரி வாங்கி வைத்தார். இந்தக் கூத்து வேறெந்த ஆபீஸிலும் நடந்திருக்காது.

கார்த்திகை பிறந்ததும் எழுத்து பிந்த ஆரம்பித்தது. விசையை அமுக்கினால் கட்டத்தில் எழுத்து உடனே விழாது, ஒரு மூச்சு விட்டபிறகு விழும். பிறகு ரெண்டு மூச்சு. முதலில் கவனித்தவள் ஆவுடைதான். கெட்டிக்காரி, கோவில்பட்டியில் படித்தவள், டவுன் பஸ் ஓட்டுகிற கருத்தப்பாண்டியின் பெண்சாதி. வயிற்றில் ரெண்டு தங்காமல் போய் மூன்றாவதாக அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. அந்த வாரக் கடைசியில் அவள் என்னிடம் “அண்ணே, டீ வாங்கியாரச் சொல்லட்டா” என்று கேட்டபோது உதடு முதலில் அசைந்தது, குரல் கொஞ்சம் கழித்து வந்தது. எனக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் டைப் அடித்தவர்களுக்கு முதலில், அவர்களோடு பேசியவர்களுக்குப் பிறகு, அவர்கள் வீட்டாருக்கு, அவர்கள் தெருவுக்கு என்று பொங்கலுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, சளி, தடிமன் பரவுகிற மாதிரிதான்.

ஊர் ஒன்றும் பதறவில்லை. மழையில்லாத வருஷத்தையும் பார்த்த சனம், குரல் பிந்தினால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது. கண்டக்டர் நிறுத்தத்துக்கு முந்தின புளியமரத்திலேயே விசிலை ஊதிவிடுவார், கருத்தப்பாண்டி நிறுத்தத்தில் பிரேக்கை மிதிக்கையில் விசில் சரியாக வந்து சேரும். கல்யாண வீட்டில் புரோகிதர் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கெட்டிமேளம் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுச் சாக்கட்டியைச் சீவிக்கொண்டிருப்பார், பிறகு பிள்ளைகளின் ‘உள்ளேன் ஐயா’ எல்லாம் வரிசையாக வரும். தெருக்குழாயில் சண்டை குறைந்தது, ஒருத்தி வைத வசவு மற்றவள் காதில் விழுவதற்குள் குடம் நிறைந்து அவள் பாதி தூரம் போயிருப்பாள். புருசன் பெண்சாதிக்குள் ஒரு புது சௌகரியம் வந்தது, வாயிலிருந்து தப்பி வந்ததைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடலாம், குரல் போய்க் கொல்லைப்புறத்தில் கோழிக்குக் கேட்கும். வயசாளிகள் இப்போதுதான் ஊர் நிதானப்பட்டிருக்கிறது என்று மெச்சினார்கள்.

எங்கள் ஜெபசிங் மட்டும் பொறுமை இல்லாதவன். மார்கழியில் ஒரு நாள் சார் இல்லாத நேரம் பார்த்து, அடுக்கடுக்காகக் கிடந்த டெர்மினல்களில் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்தான், வைக்கோல் படப்பில் நடுக்கட்டை உருவுகிற மாதிரி. அந்த நேரம் போனில் அவன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்த வாக்கியம் அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை, அதோடு அவன் குரலும் திரும்பவில்லை. டாக்டர்கள் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவன் இன்றைக்கு வரைக்கும் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்து எழுதித்தான் காட்டுகிறான். அதிலிருந்து யாரும் அந்த அடுக்கைத் தொடவில்லை.

எனக்குத் தை மாதமே சந்தேகம் வந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் தொடங்கிய புதிதில், ஒரு பெரிய சம்சாரி புரோகிராமைப் பார்க்க வந்திருந்தார். டெர்மினலில் வரிகள் மடமடவென்று ஓடியதைப் பார்த்துவிட்டு அவர், “என்னப்பா, ஒண்ணும் கண்ணுல நிக்க மாட்டேங்குதே, மெதுவாக் காட்டு” என்றார். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படுகிற ஃபைல் ஒன்று உண்டு, அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் கண்ணிமைக்கிற நேரத்தில் பாதி பொறுத்திரு என்று ஒரு வரியைப் போட்டேன். அவர் போனதும் எடுத்திருக்க வேண்டும், மறந்து போனேன். தினமும் மூடித் திறந்துகொண்டிருந்த வரைக்கும் அது யார் கண்ணிலும் படவில்லை. சார் மூடக்கூடாது என்று அடுக்க ஆரம்பித்தாரே, அன்றிலிருந்து ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பாதி இமைப்பு கூடிக்கொண்டே வந்தது. சந்தேகம் வந்ததும் நான் அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம், வேறென்ன.

மாசியில், எங்கள் மோட்டார் வைத்திருந்த சம்சாரி சொரிமுத்து செத்துப்போனார். கிணற்றுக்குள் இறங்கி வால்வில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார், மேலே செல்போனோடு நின்ற பெண்சாதி “போடவா” என்று கேட்டாள், அவர் தண்ணீருக்குள் நின்றபடி தலையை உயர்த்தி வாயசைத்துக் கையை ஆட்டினார், அதைப் போடு என்று எடுத்துக்கொண்டு அவள் அமுக்கிவிட்டாள், மோட்டாரிலிருந்து கரண்ட் தண்ணீருக்குள் இறங்கியது. அவர் மிதந்த பிறகு, வாயசைத்து ஆறு விநாடி கழித்து, ‘போடாதே’ என்ற அவர் குரல் கிணற்றிலிருந்து ஏறி மேலே வந்தது. அந்தக் குரலை அவள் நின்று கேட்டாள். இப்போதும் சில நாள் கிணற்று மேட்டில் அதே இடத்தில் வந்து நிற்கிறாள்.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடியது. எதைக் கேட்டாலும் எதைப் பார்த்தாலும் குரல் வந்து சேர்கிற மட்டும் எண்ணி முடிக்காமல் யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது, எண்ணும்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தால் அதற்கும் சேர்த்து முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான், நானே கை தூக்கினேன். எத்தனை எண்ணுவது என்பதைப் பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகையில் எழுதிப் போட்டார்கள், ‘இந்த வாரம் 7’, ‘இந்த வாரம் 8’ என்று. அந்த எண்ணைத் திங்கட்கிழமைதோறும் ஸ்டாப்வாட்ச் வைத்து டெர்மினலில் அளந்து பஞ்சாயத்துக்குப் போன் பண்ணிச் சொன்னவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். சொரிமுத்து வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனவனும் நான்தான், அந்தப் பெண்சாதி முகத்தைப் பார்க்காமல் திரும்பியவனும் நான்தான்.

ஆவுடைக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுக்கப் போனபோது திரையில் பிள்ளையின் நெஞ்சு துடிப்பது தெரிந்ததாம், துடிக்கிற சத்தம் ஏழு விநாடி கழித்துத்தான் வந்ததாம். உள்ளூர் டாக்டரம்மாவுக்குப் பழகிப்போயிருந்தது, சிரித்துக்கொண்டே எண்ணினார்களாம். ஆவுடை சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் தூக்குச்சட்டியைத் திறக்காமலே என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். பிள்ள பிறந்து அழாம இருந்தா, அழுகைதான் பிந்துதா, மூச்சே இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“வெளியூர் போய்ப் பெத்துக்கோயேன் தாயி.”

“போய்ப் பாத்தாச்சுண்ணே. மதுரைல எங்க சித்தி வீட்ல நாலு நாள் இருந்தேன். அங்கயும் எனக்குப் பிந்தித்தான் வருது. ஒட்டிக்கிட்டே வருது.” அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். “ரெண்டு போயிருச்சு. இது போகப்படாது. ஆனி மாசத்துக்குள்ள எங்க பிழைன்னு நான் கண்டுபிடிச்சாகணும்.”

கண்டுபிடிக்கத் தொடங்கினாள். அதே கட்டளையை எடிட்டருக்கு வெளியே தனியாக ஒரு கறுப்பு ஜன்னலில் அடித்துப் பார்த்தாள், அது மின்னலாக ஓடியது, ஆகையால் பிழை எடிட்டருக்குள் இருக்கிற டெர்மினலில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இனி உள்ளே எது என்று பார்க்க வேண்டும். எடிட்டரோடு ஒட்டவைத்திருந்த துணை புரோகிராம்கள் நாற்பது, அதில் பாதியை அணைத்துப் பார்த்தாள், பிறகு மறுபாதியை, பிறகு அந்தப் பாதியில் பாதியை. சார் சாப்பிடப் போகிற முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும், ஒவ்வொரு எழுத்தும் எட்டு விநாடி பத்து விநாடி என்று பிந்துகிறபோது அதற்குள் எத்தனை சோதனை பண்ண முடியும்? நோட்டில் தேதி போட்டு, எதை அணைத்தாள், எத்தனை விநாடி ஆனது என்று எழுதி எழுதிப் பக்கம் பக்கமாக நிரப்பினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? “எழுத்துருவாத்தான் இருக்கும், அந்த அலங்கார எழுத்தை மாத்திப் பாரு” என்றேன். பத்து நாள் போனது. “படம் வரையிற சிப்பு வேலையோ என்னமோ, அதை அணைச்சுப் பாரு” என்றேன். பதினைந்து நாள் போனது. “பழைய வரி லட்சக்கணக்குல சேந்து கிடக்குல்ல, அதைக் குறைச்சுப் பாரு” என்றேன். அவள் எல்லாவற்றையும் நம்பிச் செய்தாள். அண்ணன் பதினோரு வருஷ அனுபவஸ்தன் அல்லவா. என் வரிக்குப் பக்கத்தில் அவள் போய்விடாதபடி அவளைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்தேன், அவள் வயிறு என் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் ஒரு கேடுகெட்டவன், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனி பிறந்து நாலாம் நாள். பலகையில் பன்னிரண்டு ஏறியிருந்தது. அணைப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் அவள் அந்தத் தொடக்க ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு வரியையும் யார் எப்போது எழுதினார்கள் என்று எடிட்டர் ஓரத்திலேயே காட்டும். அவள் கை நின்றதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள், அந்த அசைவிலேயே கேள்வியைப் படித்துவிட்டேன், இருந்தாலும் குரல் வரட்டும் என்று காத்திருந்தேன்.

“அண்ணே, இது நீங்க போட்டதா?”

“ஆமா தாயி.”

“சொரிமுத்து அண்ணன் போன அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“அதுக்கு முன்னாலயே.”

என் பதில் அவளுக்குப் போய்ச் சேருகிற அந்தப் பன்னிரண்டு விநாடியும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைவாள் என்று நினைத்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி, அழிச்சிருவோம்” என்று மட்டும் சொன்னாள்.

வரியை அழித்துவிட்டாள். ஆனால் ஏற்கெனவே திறந்து கிடக்கிற அடுக்குகள் ஒவ்வொன்றும் அந்த வரியைப் படித்து விழுங்கியிருந்தன, எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். நடுவில் உருவினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெபசிங் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மொத்தமாக மூடினால் ஊரில் அந்த நேரம் பேசிக்கொண்டிருக்கிற அத்தனை பேர் குரலும் போய்விடும். மேலேயிருந்து ஒவ்வொன்றாக, மூடுகிற கட்டளையின் நாலு எழுத்தும் ஒரு என்டரும் அடித்து, ஒவ்வொரு எழுத்தும் வந்து விழுகிற மட்டும் பொறுத்து, இருநூற்று முப்பத்திநாலு தடவை மூட வேண்டும். விஷயத்தைச் சாரிடம் சொன்னோம். அவர் எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டார்.

“எல்லாத்தையும் மூடிக்கோங்க, ஆனா அடியில கிடக்க முதல் டெர்மினலை மட்டும் விட்ருங்க. அதுலதான் மகாலட்சுமி வந்தா” என்றார். அதற்குச் சம்மதித்தோம்.

அன்று பிற்பகல் ஆவுடை உட்கார்ந்து அறுபது மூடினாள். முதல் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் ஆனது, அறுபதாவதுக்கு முக்கால் நிமிஷம், பிந்துவது குறைகிறது என்று நோட்டில் எழுதிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலி கண்டிருந்தது. கருத்தப்பாண்டி பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு ஆட்டோவோடு வந்தான். படியிறங்கும்போது அவள் கைப்பிடிச்சுவரைப் பிடித்து நின்று திரும்பினாள். “மிச்சத்தை நீங்க முடிங்கண்ணே. பிள்ள வாரதுக்குள்ள முடிங்க. நடுவுல மட்டும் உருவிராதீக.” அவள் திரும்பி ரெண்டு படி இறங்கிய பிறகுதான் அவள் குரல் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் உடனே உட்காரப் போனேன், சார் விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் எதையும் மூடக்கூடாது, காலையில் பார்க்கலாம் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நேரத்திலாவது நான் அவர் கையைப் பிடித்துத் திருகியிருக்கலாம், சரி சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன், இத்தனை மாதம் வாயை மூடிப் பழகிய நாக்குக்கு அதுதான் சுலபமாக இருந்தது. காலையில் ஒன்பது மணிக்கு அவர் கதவைத் திறந்ததும் புதிதாக ஒன்றும் திறக்காமல் மூட ஆரம்பித்தேன். நூற்று எழுபது, நூற்று அறுபது. எழுத்து வருகிற வேகம் கூடிக்கொண்டே வந்தது. நூறு, எழுபது, முப்பது. ஜெபசிங் பின்னால் நின்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னான். பத்தரைக்கு, அடியில் கிடந்த முதல் டெர்மினல் மட்டும் மிச்சமிருந்தது, ஒரு எழுத்தை அமுக்கினேன், அமுக்கினதும் விழுந்தது. “முடிஞ்சிருச்சு சார்” என்றேன், வாயும் குரலும் ஒன்றாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

கருத்தப்பாண்டிக்குப் போன் அடித்தேன். எடுத்தான். “ஏய், பிந்துறது போயிருச்சுப்பா, எல்லாரும் இனிமே சாதாரணமாப் பேசலாம்” என்றேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்ததும் போனை அப்படியே போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். பஜாரில் எல்லாரும் வழக்கம்போல நின்றார்கள், ஒருத்தர் பேச மற்றவர் உதட்டுக்குள் எண்ண, வாய் அசைகிற அதே நேரத்தில் குரல் வருவது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பலகையில் பன்னிரண்டு என்று இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பிரசவ அறை வாசலில் கருத்தப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். “பிறந்துருச்சா?” என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். எண்ணி முடித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்.

“பொம்பளப் பிள்ள மாமா. பிறந்து கொஞ்சம் நேரமாச்சு. அழுகை வரட்டும்னு எண்ணிக்கிட்டிருக்காக. எண்ணும்போது யாராவது தும்மிருதாக, போன் அடிச்சிருது, திரும்ப மொதல்லருந்து எண்ணுதாக.”

அவன் உதடும் குரலும் ஒட்டியிருந்தன. பாதி திறந்த கதவு வழியே பார்த்தேன். நர்ஸம்மா வெள்ளைத் துணியில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார்கள், டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்கள், ரெண்டு பேர் உதடும் சேர்ந்தாற்போல நான்கு, ஐந்து என்று அசைந்துகொண்டிருந்தது, முகத்தில் அப்படி ஒரு பொறுமை. துணிக்கு வெளியே தெரிந்த கால் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

“எண்ணாதீக! பிந்துறது போயிருச்சு, பிள்ள மூச்சு விடல!” என்று கத்தினேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். திரும்பி, ஊர்க் கட்டுப்பாட்டுப்படி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். இன்னொரு தடவை கத்தினேன். அதுவரைக்கும் நான் செய்த தப்பெல்லாம் ஒரு தட்டில் என்றால் இது ஒரு தட்டில், ஏழு வரைக்கும் வந்தவர்கள் என் ரெண்டாவது கத்தலுக்காக மறுபடியும் ஒன்றுக்குப் போனார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன், ஆம்பளை உள்ளே வரலாமா என்று ஆயாம்மா என்னை நெஞ்சில் கை வைத்துத் தடுத்தாள், தடுத்தபடியே அவளும் எண்ணினாள்.

கட்டிலில் அரை மயக்கமாகக் கிடந்த ஆவுடை கண்ணைத் திறந்தாள். என் வாயைப் பார்த்தாள். வாயும் குரலும் சேர்ந்து வருவதைப் பார்த்தவள் அந்த அறையிலேயே அவள் ஒருத்திதான், அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தமும் சேலையுமாகக் கட்டிலைவிட்டு இறங்கி, எண்ணிக்கொண்டிருந்த நர்ஸம்மா கையிலிருந்து பிள்ளையைப் பறித்தாள். கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் அடித்தாள். வாயிலிருந்ததை விரல்விட்டு வழித்துப் போட்டுவிட்டுத் தன் வாயை வைத்து ஊதினாள், ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அறையில் இருந்தவர்கள் பன்னிரண்டு எண்ணி முடித்துவிட்டுக் கை தட்டினார்கள்.

பிள்ளைக்கு மாரித்தங்கம் என்று பெயர். இந்த ஆனியோடு ரெண்டு வயது முடிந்துவிட்டது. அழகான பிள்ளை, அம்மாவின் நெற்றி, அப்பனின் சுருட்டை முடி. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள், பிறந்ததும் மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகம், பிள்ளை எதையும் பிந்தித்தான் வாங்கிக்கொள்ளும், இனி அப்படித்தான் என்று அவர் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் உடனே திரும்பாது. மிட்டாயை நீட்டினால் நீட்டிய கை வலிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் வாங்கும். விழுந்தால், அம்மா தூக்கி மண்ணைத் தட்டி இடுப்பில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோன பிறகுதான் அழும். ஊரில் இது ஒருத்தருக்கும் குறையாகத் தெரியவில்லை. நிதானமான பிள்ளை, ஊர்க் கட்டுப்பாட்டைக் கருவிலேயே படித்த பிள்ளை என்று எடுத்துக் கொஞ்சுகிறார்கள், குரல் சரியாகி இத்தனை நாள் ஆகியும் எண்ணுவதை அவர்கள் யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் சொரிமுத்துக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று பயம். நான் வீடு வீடாகப் போய் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன், சொரிமுத்து பெண்சாதியிடமும் போய்ச் சொன்னேன். எல்லாரும் பன்னிரண்டு எண்ணிவிட்டு, சரி போகுது விடுங்க, நடந்தது நடந்துபோச்சு என்றார்கள். சொரிமுத்து பெண்சாதி மட்டும் எண்ணி முடித்துவிட்டு எழுந்து கிணற்று மேட்டுக்குப் போனாள்.

ஆவுடை மறுபடியும் வேலைக்கு வருகிறாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து தன் நாற்காலிக்குக் கீழே பாய் விரித்து விளையாடவிடுகிறாள். என்னோடு வேலை விஷயம் பேசுவாள், சாப்பாட்டில் கூட்டு வைப்பாள், அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்று மத்தியானம் பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. நான் ஒரு பலூன் வாங்கி வந்திருந்தேன். “தங்கம்” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தேன்.

ஆவுடை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கூப்பிட்டாச்சுல்லண்ணே. இருங்க, திரும்புவா” என்றாள்.

பலூனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வரைக்கும் எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.